மலைமேல் குளிர்

"மலை உச்சியில தொலைநோக்கி இயக்குற மகோவா லைன்ல இருக்காரு. பட்டன அமுக்கிக் கேளுங்க, அங்கிள்!" என்றாள் ஹீலோ நகர வானியல் காட்சிக்கூடத்தின் வழிகாட்டிப் பெண் நோஹியா.

பெரியவர் கெயாவே தயங்கித் தயங்கி அமுக்கினார். "மேல ரொம்பக் குளிருதா?"

திரையில் தெரிந்த இளைஞன் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டான். "பழகிடுச்சு, அங்கிள்."

"வேளைக்குச் சாப்பிடுறியா?"

"சாப்பிடுறேன், அங்கிள்."

நோஹியா சிரித்தாள். "நட்சத்திரத்தப் பத்திக் கேளுங்கன்னா, சொந்தச் சித்தப்பா மாதிரி விசாரிக்கிறீங்களே!"

கெயாவே பட்டனிலிருந்து விரலை எடுத்தார்.

தம் மக்கள் தொழும் புனித மலையில் தொலைநோக்கியா என்று முன்பு நடந்த மறியலில், வேலைக்குப் போன மகனை ஊர் பார்க்க வழிமறித்து, "இனிமே என்னை அப்பான்னு கூப்பிடாதே!" என்று கத்தியவர் அவர்தான்.

மகன் அந்தச் சொல்லை இன்றும் தட்டவில்லை.