ஊதாத விசில்

கால்பந்துப் பயிற்சியாளர் லூர்துசாமியின் கழுத்தில் தொங்கிய விசிலுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆட்டமே தன்னால்தான் நடக்கிறது என்று நினைப்பு வேறு. எந்தப் பிள்ளையாவது பந்தைத் தப்பாகத் தட்டினால் போதும், வீல் என்று கத்தும். ஆட்டம் நின்றுவிடும். லூர்துசாமி விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் பந்துக்குத் தூக்கமே வந்துவிடும்.

'பிள்ளைகள் தாங்களே யோசித்து ஆடட்டும், நடுவே நிறுத்தாதீர்கள்' என்று பயிற்சியாளர்களுக்குச் சொல்லித்தந்த வகுப்புக்குப் போய்த் திரும்பியவர், மறுநாள் மைதானத்தில் விசிலை வாயருகே கொண்டுபோகவில்லை. உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டார்.

"ஐயோ, ஜெனிஷா தப்பான இடத்துல நிக்கிறாளே! தொண்டை அரிக்குதே!" என்று விசில் உள்ளேயே துடித்தது.

ஜெனிஷா தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தாள். தானாகவே கொஞ்சம் பின்னால் வந்தாள். பந்தை வாங்கி, யாரும் மறிக்காமல் நின்ற தோழிக்குத் தள்ளிவிட்டாள். கோல்!

வலையிலிருந்து லூர்துசாமியின் காலடிக்கு உருண்டு வந்த பந்து, கைக்குள் இருந்த விசிலிடம், "ரொம்ப நன்றி அண்ணே! இன்னைக்குத்தான் மூச்சு முட்ட ஓடியிருக்கேன்" என்றது.

விசிலுக்குக் கூச்சமாகிவிட்டது.

"எனக்கு எதுக்குப்பா நன்றி? நான் கத்தத்தான் பார்த்தேன். இந்தக் கைக்குச் சொல்லு. என்னை அடக்கி வச்சதுல எப்படி வேர்த்துப் போயிருக்கு பாரு."