இடது பக்கம் இரண்டு விரல்

அப்பாவின் பழைய எஸ்யூவி பின்னால் இடது பக்கம் இரண்டு விரல் தாழ்ந்து நின்றது. விற்பதற்கு முன் அதைச் சரிசெய்துவிட வேண்டும் என்று மகள் பட்டறைக்குக் கொண்டுவந்திருந்தாள்.

மெக்கானிக் இரண்டு பக்கமும் புது ஸ்பிரிங் போட்டார். இடதை வலதுக்கு மாற்றியும் பார்த்தார். ம்ஹூம், இடதுதான் தாழ்ந்தது. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல்களை நுழைத்தபடி, "உள்ள யாராவது உக்காந்திருக்காங்களா? காலி வண்டியிலதான் அளக்கணும்" என்றார்.

"யாரும் இல்லண்ணே."

கண் மங்கியதும் அப்பா சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு, பின் சீட்டில் இடது ஜன்னலோரம் இடம் பிடித்துக்கொண்டவர். வளைவு வந்தால் அங்கிருந்தே "ஹாரன் அடிம்மா" என்பார். அவர் போய் ஒரு வருஷம் ஆகியும், வளைவைக் கண்டால் அவள் கை தானாக ஹாரனுக்குப் போய்விடும்.

ஸ்டூலில் காத்திருந்து அலுத்துப்போன அம்மா எழுந்து வந்து பின்பக்க இடது கதவைத் திறந்தாள். பழக்கதோஷம், வெறும் சீட்டைப் பார்த்து, "கொஞ்சம் நடுவுல தள்ளி உக்காருங்களேன்" என்றாள்.

மெக்கானிக்கின் விரல்களுக்கு மேல் இடைவெளி அகன்றது. வண்டி மெல்ல எழும்பி, இரண்டு பக்கமும் ஒரே மட்டமாக நின்றது.

"அப்பாடா! இனிமே யார் வேணா வாங்குவாங்க" என்றார் அவர், நிமிர்ந்து பார்க்காமலே.

அம்மாவின் இரண்டு கால்களும் இன்னும் தரையில்தான் இருந்தன.