உமிச் சாக்கு

"இல்லன்னா இல்லதான். ஐஸ் விருந்தாளிகளுக்கு வந்திருக்கு. நீ போ!"

அம்மா ஜெயபாய் போட்ட சத்தம் முன்னறை வரைக்கும் கேட்டது. பாத்திரம் கழுவும் ஆறுமுகத்தாய் அடுப்புச் சாம்பல் கொண்டுபோகும் ஓலைப்பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு புறவாசல் வழியாக நடந்தாள். கன்னமெல்லாம் ஈரம்.

காலேஜ் லீவுக்கு வந்திருந்த பிளாரன்சுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"அவ மகளுக்குக் காய்ச்சல் கொதிக்குது. தலையில ஐஸ் வைக்கலன்னா ஜன்னி கண்டுரும்னு டாக்டர் சொல்லியிருக்கார். ஒரு துண்டு குடுத்தா குறைஞ்சா போயிருவ?"

"யுத்தத்துக்கு முந்தி கொழும்புல எந்தத் துரை வீட்லயோ உங்க அப்பா ஐஸ் டீ குடிச்சாராம். அதே மாதிரி வேணுமாம்." அம்மா கொதிக்கும் தண்ணீரில் துளசியையும் தட்டிய சுக்கையும் ஏலக்காயையும் போட்டாள். "அந்தக் கருப்பட்டியை நொறுக்கித் தா."

"நொறுக்க மாட்டேன்! வாரது யாரு? காய்ச்சல் நிவாரணக் கமிட்டி! பிள்ள அங்கன கிடந்து பிதற்றுது. இவங்க இங்கன ஐஸைப் போட்டுக் குடிச்சுக்கிட்டே ஏழைகளுக்காக உருகப் போறாங்களாக்கும்!"

"மெதுவாப் பேசுளா."

"ஏன் மெதுவா? அப்பாவுக்குக் கேக்கட்டும்!"

கேட்டுவிட்டது. கமிட்டித் தலைவர் தேவபிரசாதம் வந்து நின்றார். மகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. மூலையில், ஐஸ் உருகாமலிருக்க உமி அடைத்து வைத்திருந்த சாக்கைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார். கெட்டியாக இருந்தது. திருப்தி.

"ஐஸ் பாக்டரிக்காரன் கையைக் காலைப் பிடிச்சு வாங்கினது. கமிட்டி வாரது வரைக்கும் யாரும் தொடக்கூடாது. ஒரு பிள்ளைக்குக் குடுத்தா நாளைக்குத் தெருவே வந்து நிக்கும்."

போய்விட்டார்.

"ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினியாம்மா? உனக்கெல்லாம் ஜெபம் எதுக்கு? ஞாயித்துக்கிழமை கோயில் எதுக்கு?"

அம்மா டீயை வடிகட்டினாள். டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். அந்த நிதானம்தான் பிளாரன்சை இன்னும் கிளப்பிவிட்டது.

"நீ குடுக்காட்டி நான் கொண்டுபோறேன். அப்பா என்ன வேணா செஞ்சுக்கிடட்டும்!"

பாய்ந்துபோய் சாக்கைப் பிரித்தாள். உமிக்குள் முழங்கை வரை கையை விட்டாள். ஈரமில்லை, குளிர்ச்சியில்லை. கையில் தட்டுப்பட்டதை இழுத்தாள்.

அம்மிக் குழவி!

"அம்மா... அப்போ ஆறுமுகத்தாய் தலையில போன ஓலைப்பெட்டியில..."

"சத்தம் போடாத. குழவியை உள்ள வை."

"ஜெயபாய்! எல்லாரும் வந்தாச்சு!" முன்னறையிலிருந்து அப்பா குரல் கொடுத்தார்.

ஆவி பறக்கும் டம்ளர்களைத் தட்டில் அடுக்கி, அம்மா மகள் கையில் கொடுத்தாள்.

"உனக்குத்தான் நல்லா வாதாட வருமே. காய்ச்சல் காலத்துல ஐஸ் ஆகவே ஆகாதுன்னு அங்கன போய் வாதாடு, போ!"