கண்ணை மூடாத கோல்கீப்பர்

"போதும்டா! ரெண்டு பேரும் உள்ள வாங்க, இருட்டுது."

"அம்மா, ஒரே ஒரு கோல்! எட்சே இன்னைக்கு ஒண்ணுகூட விடலைம்மா!"

"நாளைக்கு ஆடிக்கலாம். மணல் எங்கயும் ஓடிப்போயிடாது."

அன்று எசினாம் சொன்னது அவ்வளவுதான். அட்சுவும் எட்சேயும் தலையெல்லாம் மணலாக வந்தார்கள். ஒரே வாளித் தண்ணீருக்கு அடித்துக்கொண்டு குளித்தார்கள். ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். ஏழு வயது இரட்டையர். விடிவதற்குள் இருவருக்கும் காய்ச்சல் கொதித்தது.

ஆஸ்பத்திரியும் அழுகையுமாக மூன்று வாரம் போயிற்று. அதன்பின் ஒரு நாள் எசினாம் எட்சேயைப் புதுத் துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு லாரியில் வீடு வந்து சேர்ந்தாள். வந்த கையோடு முற்றத்துப் படலை இழுத்துக் கட்டினாள். ஈர மணலும் உப்பங்கழிக் காற்றும்தான் காய்ச்சலைக் கொண்டுவந்தன என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். இனி இந்த வீட்டில் விளையாட்டு இல்லை.

அட்சு எட்சேயின் பக்கத்திலேயே சுருண்டு கிடந்தான்.

ஒரு மாதம் கழித்து, வீடு வீடாக வரும் நர்ஸ் யாய்ரா அட்சுவை எடை பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"ரெண்டு கிலோ போயிருக்கு, ரெட்டையம்மா. சாப்பிடறானா?"

"மூணு வாய். அதுவும் திட்டினாத்தான்."

"தூக்கம்?"

"எங்க? முழிச்சுக்கிட்டே கிடக்கான்."

"மாத்திரை தர மாட்டேன். வெளிய விடு. ஓடினாத்தான் பசிக்கும். நாலு பிள்ளைங்களோட கத்திச் சண்டை போட்டாத்தான் மனசுல கெடக்கறது இறங்கும். காத்துப் படாம மூட்டை கட்டி வச்சா உன் வெங்காயமே அழுகிப்போகுது. பிள்ளை அழுகாதா?"

"எட்சே இல்லாம இவன் போக மாட்டேங்கிறானே."

"அப்ப எட்சேயையும் அனுப்பு."

எசினாம் எட்சேயை வாரி மார்போடு சேர்த்துக்கொண்டாள். "இவனையா? வெயில் படும், மணல் ஒட்டும். பந்து பட்டு விழுந்துட்டான்னா? இன்னொரு தடவை ஏதாவது ஆச்சுன்னா என்னால முடியாது, யாய்ரா."

யாய்ரா சிரிக்கவில்லை. "விழுந்தா தூக்கி நிறுத்துவாங்க. கூட்டாளிங்க வேற எதுக்கு?"

"நான் தூக்குறேன்!" என்றது ஒரு குரல். ஓலை வேலிக்கு மேலே பக்கத்து வீட்டு அக்குவின் தலை தெரிந்தது. "ரெட்டையம்மா, அனுப்புங்க. செலோர்மைக் கீப்பரா நிறுத்திப் பதினோரு கோல் வாங்கிட்டோம். பந்து வந்தா அந்தத் தடியன் கண்ணை மூடிக்கிறான். எட்சேன்னா கண்ணையே மூட மாட்டான்!"

"வாயாடி! எவ்வளவு நேரமா அங்க நிக்கற?"

"நேரமா? போன மாசத்துலேர்ந்து நிக்கறேன்."

மூலையில் கிடந்த அட்சு தலையைத் தூக்கினான். "பதினோரு கோலா?"

இரண்டு மாதத்தில் அவனாகக் கேட்ட முதல் கேள்வி அது. எசினாம் எழுந்தாள். இருவரையும் குளிப்பாட்டினாள். இருவருக்கும் ஒரே மாதிரி நீலக் கட்டம்போட்ட சட்டை மாட்டினாள். படலின் கயிற்றை அவிழ்த்தாள்.

"நெழல்ல நிறுத்துங்க. ஓட விடாதீங்க."

"கீப்பர் எதுக்கு ஓடறான்?" என்றாள் அக்கு.

இரண்டு தேங்காய் மட்டைகள்தான் கோல். பழைய காலுறைகளைச் சுருட்டிக் கட்டியது பந்து. நடுவில் எட்சே நின்றான்.

"ரெடியா, எட்சே?" என்று கத்தினாள் அக்கு.

"ரெடியாம்!" என்றான் அட்சு.

எசினாம் வெங்காயப் பாத்தியில் களை எடுப்பதுபோல் உட்கார்ந்தாள். ஒரு களையும் எடுக்கவில்லை. மூன்றாவது உதையில் பந்து நேராக எட்சேயின் நெஞ்சில் மோதியது. அவன் முகம் குப்புற விழுந்தான். அவள் களைக்கொட்டைப் போட்டுவிட்டு ஓடினாள்.

அதற்குள் அட்சு பாய்ந்து எட்சேயைத் தூக்கி நிறுத்தி, முகத்து மணலை ஊதிவிட்டு, இரண்டு கைகளையும் உயர்த்தினான். "கோல் இல்ல! நெஞ்சாலயே தடுத்துட்டான்!"

"விழுந்துட்டானே! அது செல்லாது!" என்றான் செலோர்ம்.

"விழுந்தா என்னடா? பந்து வெளிய போச்சா இல்லையா? ஓ, நீதான் கண்ணை மூடியிருப்பியே!" என்றாள் அக்கு.

மணல்வெளி முழுக்கச் சிரிப்பு. அதில் அட்சுவின் சிரிப்பும் இருந்தது. எசினாம் பாதி வழியில் நின்றாள். பிறகு மெல்லத் திரும்பிப் பாத்திக்கு வந்தாள்.

பொழுது சாய்ந்ததும் அவள் படலருகே நின்று கூப்பிட்டாள்.

"அம்மா, ஒரே ஒரு கோல்!"

"ஆடுங்க," என்றாள்.

அன்று அட்சு மூன்று தரம் கேட்டு வாங்கிச் சோளக் களியும் மீனும் தின்றான். கை கழுவுவதற்குள் தூங்கிவிட்டான்.

இப்போது அட்சுவுக்குப் பத்தொன்பது வயது. பிறந்த நாள்தோறும் எசினாம் இருவரையும் கதவு நிலையோரம் நிறுத்திக் கரித்துண்டால் கோடு போடுகிறாள். அட்சுவின் கோடு அவள் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. அந்தக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த மகனுக்குப் பதிலாக, கூடப் பிறந்தவன் ஒற்றையாகிவிடக் கூடாதென்று, அந்த உப்பங்கழிக் கரைத் தாய்மார் இரட்டையரில் ஒன்று போனால் செய்வதுபோல் தச்சனிடம் மரத்தில் செதுக்கி வாங்கி வந்த எட்சேயின் கோடு மட்டும் தரையிலிருந்து அதே ஒரு சாண்.