குதிகாலால் உதைப்பவன்

“மச்சான், இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?”

சஸ்பென்ஷன் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, கிரீஸ் கறை போகாத விரலால் ஓரிடத்தைக் காட்டினான் மெக்கானிக். குமாஸ்தாவின் தங்கை கணவன் அவன். இருவருக்கும் ஒரே லிஃப்ட் கம்பெனியில்தான் வேலை.

மெக்கானிக் செய்த குற்றம் இவ்வளவுதான். ஆஸ்பத்திரி லிஃப்டின் கம்பி வடத்தில் பிரி விட்டிருந்தது. ‘பாதுகாப்பானது’ என்று கையெழுத்துப் போடச் சொன்னார் மேனேஜர். மூன்று முறை சொல்லியும் மறுத்துவிட்டான். நாளை விசாரணை. பதினெட்டு வருட வேலை நிலைக்குமா என்பது தெரிந்துவிடும்.

இவ்வளவு நடந்தும் ஆபீஸில் மாப்பிள்ளைக்காகக் குமாஸ்தா ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வெட்கத்தில் தங்கையின் முகத்தைப் பார்க்க முடியாமல் தண்ணீர்க் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரிகால்சிட்ரன்ட்... பிடிவாதக்காரன்னு அர்த்தம் மாப்ளே.”

“அதுக்கா இவ்ளோ நீட்டு வார்த்தை?”

ஆங்கில வார்த்தை என்றால் குமாஸ்தாவுக்கு நாக்கு நமநமக்கும். வெட்கம்கூட மறந்துபோனது.

“சும்மா பிடிவாதம் இல்ல. லத்தீன்ல ‘கால்க்ஸ்’னா குதிகால். பாரம் ஏத்தப் போனா கழுதை பின்னங்காலால எட்டி உதைக்கும்ல? அதுலேர்ந்து வந்தது. மேலே இருக்கவங்க சொன்னா கேக்காம உதைக்கிறவன்.”

“அப்ப நான் கழுதை!” மெக்கானிக் சிரித்தான். “பரவால்ல, கழுதை உதைச்சதாலதான் அந்த லிஃப்டை நிறுத்தி வச்சிருக்காங்க.”

தங்கை சிரிக்கவில்லை. “ஒரு நல்ல மனுஷனை இப்படி எழுதியிருக்கானே, அவன் கை விளங்குமாண்ணே?”

“கம்பெனி வக்கீலா இருக்கும்மா” என்றார் குமாஸ்தா.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ போடப் போனாள். மெக்கானிக் கடிதத்தை நிதானமாக மடித்தான்.

“கம்பெனி வக்கீல்கிட்டயும் காட்டினேன் மச்சான். அவரே டிக்‌ஷனரியைப் புரட்டினாரு. இந்த லெட்டர்ல கையெழுத்துப் போட்ட மேனேஜர், ‘எனக்கும் அர்த்தம் தெரியாதுப்பா, நம்ம ஆபீஸ் ஆளு ஒருத்தர்தான் எழுதிக் கொடுத்தாரு’ன்னாரு. ஆபீஸ்ல ஒருத்தர் விடாம கேட்டுட்டேன். யாருக்கும் தெரியல.”

குமாஸ்தாவின் முகம் செத்துப்போனது.

மெக்கானிக் அடுக்களைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“உங்க தங்கச்சிகிட்ட நான் சொல்ல மாட்டேன். டீயைக் குடிச்சிட்டுப் போங்க.”