எம்முக்கு மாத்துங்க, மாமா!

பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்த மனைவியை முடியைப் பிடித்து இழுத்துவந்து பின்சீட்டில் தள்ளி, இரண்டு அறையும் கொடுத்துவிட்டுத்தான் அவன் காரைக் கிளப்பினான்.

மலை இறக்கத்தில், இரண்டாவது வளைவில் பிரேக் மிதி தரையோடு போய் ஒட்டிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. மச்சினன். கார் மெக்கானிக். நேற்றுதான் அக்காவுக்குப் பரிந்து பேச வந்து, இவன் விட்ட குத்தில் முன்பல்லைப் பறிகொடுத்தவன்.

"பிரேக் பிடிக்கலைடா!" என்று இவன் அலறினான்.

"கியரை எம்முக்கு மாத்துங்க, மாமா! மைனஸ் பக்கம் ஒவ்வொண்ணா தட்டுங்க!" பைக் இரைச்சலுக்கு மேலே கத்தினான் மச்சினன்.

'ஆட்டோமேட்டிக் வண்டியில கையால கியர் மாத்துற எம் எதுக்கு, அழகுக்கா?' என்று கேலி பேசிய வாய்தான். இப்போது ஒவ்வொன்றாகத் தட்டினான். நாலு, மூன்று, இரண்டு. என்ஜின் ஊளையிட்டது. தடுப்புச்சுவரில் தீப்பொறி பறக்க உரசி வேகம் குறைந்த கார், மண்மேட்டில் மோதி நின்றது. நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் வழிய, இவன் தள்ளாடி இறங்கினான்.

பின்னாலேயே துரத்தி வந்த மச்சினன் பைக்கைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தான். முகமெல்லாம் கண்ணீர்.

இவனுக்கு நெஞ்சு உருகிவிட்டது. "பல்லை உடைச்சவனுக்கு உயிரைக் குடுத்திருக்கியேடா!" என்று கட்டிக்கொள்ளப் போனான்.

இவனை எட்டி உதைத்துவிட்டுப் பின்கதவைப் பிய்த்துத் திறந்தான் மச்சினன்.

"இன்னைக்கு இந்த வண்டியில ஏறாதே, பஸ்லயே வந்துடுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேக்கா!"