மாலதியின் மஞ்சள் சேலை

"தசராவுக்குக் கொள்ளேகால் பங்காளிங்க வர்ற நேரம். இன்னைக்கும் இந்தக் கிழிஞ்ச மஞ்சச் சேலைதானா, மாலதி?" என்றார் மாமனார் பொன்னுரங்கம். அவர்கள் குடியிருந்த மண்டி மொஹல்லாவில் அவர் குடும்பத்துக்கென்று ஒரு மதிப்பு உண்டு.

"சந்துருவுக்குச் சோறு ஊட்டிட்டு மாத்திக்கிறேன், மாமா."

"பட்டு கட்டிக்கிட்டு ஊட்டினா எறங்காதா?"

"காலையில கட்டிப் பார்த்தேன். ஒரு வாய் வாங்கல."

ஆறு வயதுச் சந்துரு பேசுவதில்லை; யார் முகத்தையும் பார்ப்பதில்லை. ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவன் மஞ்சள் முந்தானையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தான்.

"ரொம்ப எடம் குடுக்கிறே. வர்றவங்க என்ன நெனைப்பாங்க? மருமகளுக்கு ஒரு நல்ல சேலைக்கு வழியில்லைன்னுதானே?"

மாலதி தலைகுனிந்தாள்.

"இது இவனைப் பெத்த அக்காவோடது, மாமா. அவங்க செத்தப்போ துணியெல்லாம் ஆத்துல விடச் சொன்னீங்களாம். நான் கல்யாணமாகி வந்த அன்னைக்கு, இவன் கட்டிலுக்கு அடியில இதைப் போத்திக்கிட்டுப் படுத்திருந்தான். இதைக் கட்டினாத்தான் என் கையால சாப்பிடுறான்."



வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பொன்னுரங்கம் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பங்காளிகளிடம் சொன்னார்:

"கொஞ்சம் பொறுங்க. பேரனுக்கு அவன் அம்மா சோறு ஊட்டிக்கிட்டிருக்கா."